பரோக் சங்கீதத்தில் உருவமும் ஒத்திசைவும்

ஐரோப்பிய சங்கீத சரித்திரத்தில் ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையுள்ள நூற்றைம்பது ஆண்டுகளைப் பரோக் காலம் என்று வழங்குவது ஸ்திரப்பட்டுவிட்ட மரபு. மான்டெவெர்டியின் இளமையில் உதயமாகி, பாக், ஹாண்டெல் ஆகிய இருவரின் முதுமையோடு அஸ்தமித்ததாகக் கருதப்படும் இக்காலத்தில் ஓபரா, ஒரட்டோரியோ, கன்டாட்டா, ஸொனாட்டா, கன்செர்ட்டோ, ஸூட், ஃப்யூக், பஸகாலியா என்ற உருவங்கள் ஒன்றில் புதிதாகப் பிறந்தன, அல்லது தம் முழு வளர்ச்சியை எய்தின. அதற்கு முந்தைய நூற்றாண்டின் பெரும் படைப்புகள் பெரும்பாலும் தேவாலயத்தின் லத்தீன் வாசகங்களையோ காதற்கவிதைகளையோ பற்றுக்கோடாகக் கொண்டு நடந்தவை. வார்த்தை முடிந்த இடத்தில் இசையும் முடிந்தது. அப்படியிருக்க, சொல்லின் துணை சிறிதும் இல்லாத வாத்திய சங்கீதம் தன் சொந்த பலத்தினாலேயே நெடுநேரம் நடந்து, கேட்பவனுடைய சித்தத்தை வழிதவறாமல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அழைத்துச் செல்லும் ஆற்றலை இக்காலத்தில் எங்கிருந்து பெற்றது என்பதே இங்கே ஆராயத்தக்க கேள்வி.

இதற்குக் கூறப்படும் விடைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சொல்லின் உணர்ச்சியை இசை வெளியிட வேண்டும் என்ற லட்சியமே பரோக்கின் மூலசக்தி என்றும், நாடக மேடையில் பயின்ற பாஷையைத்தான் வாத்தியங்கள் பிறகு சொல்லின்றிப் பேசின என்றும் ஒரு சாரார் கருதுகின்றனர். அரண்மனை நடனங்களின் தாளக்கட்டும் அடிக்கணக்குமே உருவங்களை அமைத்தன என்பது மற்றொரு சாராரின் கட்சி. பல குரல்களைத் தனித்தனிப் போக்கில் நடத்தி ஒன்றோடொன்று இசைய வைக்கும் கவுண்டர்பாயிண்ட் என்ற பழைய வித்தையின் தொடர்ச்சியே இவ்வளவும் என்பது மூன்றாம் கட்சி. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் ஜெர்மானிய அறிஞர் ஹூகோ ரீமான் இக்காலம் முழுவதையும் இடையறாத கீழ்க்குரலின் யுகம் என்று குறித்தபோது, மூன்று கட்சிகளுக்கும் அடியில் கிடக்கும் பொதுத்தளத்தைத் தொட்டுக்காட்டினார். 1947-ல் வெளிவந்த தம் நூலில் மான்ஃப்ரெட் புக்கோஃப்ஸர், இக்காலத்தை முற்பகுதி, இடைப்பகுதி, பிற்பகுதி என வகுத்து, முதலில் திசை தெரியாத பரிசோதனையாக இருந்த ஹார்மனி, படிப்படியாக ஓர் ஆதார ஸ்வரத்தை நோக்கி ஒழுங்குபட்ட வரலாற்றை விளக்கினார். உணர்ச்சி, நடனம், கவுண்டர்பாயிண்ட் ஆகிய மூன்றும் கட்டடப் பொருள்களே. அவற்றை நிற்கச் செய்தது கீழ்க்குரலும் அதன்மேல் எழுந்த ஹார்மனியின் கதியுமே என்பது இக்கட்டுரை நிலைநாட்ட முயலும் கருத்து.

அடிப்படைச் சொற்கள்

நம் சங்கீதத்தில் பழகிய செவிக்கு இவ்விஷயம் புரிய, சில சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது மெலடி. பல ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் ஒலிக்க, அவ்வொலித்தொகுதிகள் ஒன்றையொன்று தொடர்ந்து செல்லும் ஒழுங்கு ஹார்மனி. அவ்வாறு சேர்ந்து ஒலிக்கும் தொகுதி கார்டு எனப்படும். மேஜர் என்று அவர்கள் சொல்லும் ஸ்வர வரிசை நம் தீரசங்கராபரணத்தின் ஸ்வரங்களையே கொண்டது. மைனரின் இயல்பான வடிவம் நடபைரவி, அதில் நிஷாதத்தை உயர்த்தினால் கிடைப்பது கீரவாணி. சங்கராபரணத்தில் ஒரு ஸ்வரம் விட்டு ஒரு ஸ்வரமாக மூன்றை எடுத்து அடுக்கினால் ஸ-க-ப என்ற ஆதார கார்டும், பஞ்சமத்தின்மேல் ப-நி-ரி என்பதும், மத்யமத்தின்மேல் ம-த-ஸ என்பதும் கிடைக்கின்றன. இம்மூன்று கார்டுகளுக்குள்ளேயே ஏழு ஸ்வரங்களும் அடங்கிவிடுகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

இவற்றுள் பஞ்சம கார்டுக்கும் ஆதார கார்டுக்கும் உள்ள உறவே பரோக் ஹார்மனியின் உயிர்நிலை. ப-நி-ரி என்பதோடு மத்யமத்தையும் சேர்த்து ஒலித்தால், நிஷாதமும் மத்யமமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கரகரக்கின்றன. அந்தக் கரகரப்பு சாந்தியடைய வேண்டுமானால் நிஷாதம் ஒரு அரை ஸ்வரம் ஏறி ஷட்ஜத்தையும், மத்யமம் ஒரு அரை ஸ்வரம் இறங்கி காந்தாரத்தையும் அடைய வேண்டும். அதே கணத்தில் கீழ்க்குரல் பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்திற்குத் தாவும். இசை வாக்கியத்தை இவ்வாறு முடித்து வைக்கும் நடைக்கே கேடன்ஸ் என்று பெயர். தம்பூராவின் சுருதி இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருப்பதால் நமக்கு ஷட்ஜம் எப்போதும் கையிலிருக்கும் பொருள். பரோக் சங்கீதத்திலோ அது பிரிந்து சென்று திரும்பி அடையவேண்டிய லட்சியம். ஆதாரத்தை விட்டு அகலுதல், அகன்ற நிலையில் வேறொரு ஸ்வரத்தைத் தற்காலிக ஆதாரமாகக் கொள்ளுதல், மீண்டும் தொடங்கிய இடத்திற்கு வந்து சேருதல் என்ற மூன்று செய்கைகளே அக்காலத்து வாத்திய உருவங்களில் பெரும்பாலானவற்றின் சாரம் எனலாம்.

கீழ்க்குரலின் ஆட்சி

இந்நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஃப்ளாரென்ஸ் நகரத்தில் பார்டி பிரபுவின் இல்லத்தில் கூடிய அறிஞர் குழுவினர், பல குரல்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு சொற்களை உச்சரிப்பதால் கவிதையின் பொருள் சிதைகிறது என்று குறைகூறினர். வானசாஸ்திரி கலிலேயோவின் தந்தையான வின்சென்ஸோ கலிலேய் 1581-ல் வெளியிட்ட சம்பாஷணை நூலில் இக்கட்சியை வன்மையாக எடுத்துரைத்தார். ஒரே குரல் பாட, அதன் கீழே சில கார்டுகள் மட்டும் ஒலிக்கும் புது முறையை அனுசரித்து யாக்கோபோ பெரி இயற்றிய 'யூரிடிச்சே' என்ற இசைநாடகம், 1600-ல் மரியா தெ மெதிசியின் விவாகத்தையொட்டி அந்நகரத்தில் அரங்கேறியது. 1602-ல் கச்சினியின் புதுமுறைப் பாடல்களும், தேவாலயப் பாடகர்களுக்காக வியதானா வெளியிட்ட பாடல் தொகுதியும் வந்தன. போதிய பாடகர்கள் இல்லாத இடங்களில், இருக்கும் ஒன்றிரண்டு குரல்களைக்கொண்டே பாட்டு நிறைவாக ஒலிக்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவையே வியதானாவை ஆர்கனுக்குத் தனிக் கீழ்க்குரல் எழுதத் தூண்டியது.

பாஸோ கன்டினுவோ என்ற இம்முறையில் இயற்றுபவர் கீழ்க்குரலை மட்டும் எழுதி, அதன் அருகே சில எண்களைக் குறிப்பார். ஹார்ப்ஸிகார்ட், ஆர்கன், தியோர்போ ஆகியவற்றுள் ஒன்றை வாசிப்பவர் அவ்வெண்களைப் பார்த்து இடைப்பட்ட கார்டுகளைத் தம் மனோதர்மத்தால் நிரப்புவார். செல்லோவோ வியோலா ட காம்பாவோ கீழ்க்குரலை அழுத்தமாகத் தொடரும். எண் ஒன்றும் இல்லையேல் கீழ்க்குரலின் மேல் மூன்றாவதும் ஐந்தாவதும் ஆன ஸ்வரங்கள் ஒலிக்கும். காந்தாரத்தின்மேல் 6 என்று எழுதினால் க-ப-ஸ என்றும், பஞ்சமத்தின்மேல் 6, 4 என்று எழுதினால் ப-ஸ-க என்றும் கொள்ள வேண்டும். 4-ஐத் தொடர்ந்து 3 என்று வந்தால், பொருந்தாத நான்காவது ஸ்வரத்தைச் சற்று நிறுத்தி வைத்துப் பிறகு மூன்றாவதில் இறக்கிச் சாந்தப்படுத்த வேண்டும் என்று பொருள். எழுதப்பட்டது சிறிது, வாசிப்பவன் பொறுப்பு பெரிது என்ற இவ்வேற்பாடு, கார்டுகளின் வரிசையையே சிந்தனையின் அலகாகக் கொள்ளும்படி ஒவ்வொரு சங்கீத மாணவனையும் பழக்கியது என்பதுதான் இதன் ஆழ்ந்த விளைவு.

பொருந்தா ஒலியின் சுதந்திரத்தைப் பற்றிய பெரிய தர்க்கமும் அப்போதே எழுந்தது. முன்னறிவிப்பில்லாமல் பொருந்தா ஸ்வரங்களை நுழைத்ததற்காக மான்டெவெர்டியின் பாடல்களை, அவர் பெயரைக் குறிப்பிடாமலே, அர்த்தூஸி என்ற சாஸ்திரி 1600-ல் கண்டித்தார். 1605-ல் வெளியான மத்ரிகல் என்ற பல குரல் பாடல்களின் ஐந்தாம் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் மான்டெவெர்டி, பழைய வழக்கம் ஒன்று உண்டென்றும், தாம் கைக்கொள்வது இரண்டாம் வழக்கம் என்றும் பதிலளித்தார். அவ்வழக்கத்தில் ஹார்மனி சொல்லுக்கு அடங்கியது. 1607-ல் மாந்துவாவில் நடிக்கப்பட்ட அவருடைய 'ஓர்ஃபேயோ' இக்கொள்கையின் முதல் மகத்தான சாதனை. ஆயினும் இக்கட்டத்தில் கார்டுகள் கணத்திற்குக் கணம் உணர்ச்சியைத் தொடர்ந்தனவேயன்றி, தாமாக ஒரு நெடிய வழியை வகுத்துக்கொள்ளவில்லை. சொல்லை எடுத்துவிட்டால் இசை நிற்குமா என்ற சோதனைக்கு அவை இன்னும் உட்படவில்லை.

நடனமும் ஸொனாட்டாவும்

அச்சோதனையில் தேறிய முதல் உருவம் நடனத்தைச் சார்ந்தது. ஆல்மாண்ட், கூராந்த், ஸரபாந்த், ஜீக் என்ற நான்கு நடனங்களை ஒரே ஆதார ஸ்வரத்தில் கோத்தமைப்பது ஸூட். ஒவ்வொரு நடனமும் இரண்டு அங்கங்களாகப் பிரிந்து, ஒவ்வோர் அங்கமும் இருமுறை வாசிக்கப்படும். முதல் அங்கம் ஷட்ஜத்தில் தொடங்கிப் பஞ்சமத்தை ஆதாரமாக்கிக்கொண்டு முடிகிறது. அதற்காகச் சுத்த மத்யமம் பிரதி மத்யமமாக உயர்த்தப்படுகிறது. மைனரில் அமைந்ததானால் முதல் அங்கம் பெரும்பாலும் காந்தாரத்தின்மேல் உள்ள மேஜரை நாடும். இரண்டாம் அங்கம் அங்கிருந்து புறப்பட்டு, வேறு சில ஆதாரங்களையும் தொட்டு, ஷட்ஜத்திற்கு மீள்கிறது. ஆடுவோர் காலுக்காகப் பிறந்த அடிக்கணக்கு, ஆடுவோரே இல்லாத பாக்கின் ஆறு செல்லோ ஸூட்டுகளிலும் உயிரோடிருப்பதற்குக் காரணம், நடனத்தின் தாளம் ஹார்மனியின் பிரயாணத்திற்கு மைல்கற்களை நட்டுவைத்ததே. டொமினிகோ ஸ்கார்லாட்டியின் 555 ஹார்ப்ஸிகார்ட் ஸொனாட்டாக்களிலும் மிகப் பெரும்பான்மையானவை இந்த ஈரங்க உருவத்தின் விசித்திரமான விஸ்தரிப்புகளே.

ரோமாபுரியில் வாழ்ந்த அர்க்காஞ்ஜெலோ கொரெல்லி 1681 முதல் 1694 வரை வெளியிட்ட நாற்பத்தெட்டு ட்ரியோ ஸொனாட்டாக்களில் ஆதார ஸ்வரத்தின் ஆட்சி நிலைபெற்றுவிட்டதைத் தெளிவாகக் காண்கிறோம். ட்ரியோ என்பது இரண்டு வயலின்களும் ஒரு கீழ்க்குரலுமான மூன்று வரிகளைக் குறித்தாலும், கீழ்க்குரலுக்கே இருவர் தேவைப்படுவதால் வாசிப்போர் வழக்கமாக நால்வர். தேவாலய ஸொனாட்டா விளம்பம், துரிதம், விளம்பம், துரிதம் என நான்கு பகுதிகளாகவும், சபை ஸொனாட்டா பெரும்பாலும் நடனங்களின் தொகுதியாகவும் அமைந்தது. கீழ்க்குரல் ஸ-ம-நி-க-த-ரி-ப-ஸ என்று ஐந்தாவது ஸ்வரத்திற்கு இறங்கிக்கொண்டே முழுவட்டம் சுற்ற, மேலே இரு வயலின்களும் மாறிமாறிப் பொருந்தா ஒலியை உண்டாக்கிச் சாந்திப்படுத்தும் சங்கதி கொரெல்லியிடம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு கார்டும் அடுத்ததை வேண்டி நிற்பதால், சொல்லின் துணையில்லாமலே இசை முன்னோக்கிச் செல்லும் விசையைப் பெற்றது.

கன்செர்ட்டோவும் ஃப்யூக்கும்

அவ்விசையை விரிந்த பரப்பில் பயன்படுத்தியது கன்செர்ட்டோ. கொரெல்லி 1713-ல் காலமான பிறகு ஆம்ஸ்டர்டாமில் அச்சான பன்னிரண்டு கன்செர்ட்டோக்களில், இரண்டு வயலினும் ஒரு செல்லோவும் கொண்ட சிறு குழு ஒரு புறமும், முழு வாத்தியக் குழு மறுபுறமும் நின்று உரையாடுகின்றன. வெனிஸில் பியேத்தா என்ற அநாதைப் பெண்கள் இல்லத்தில் ஆசிரியராக இருந்த அந்தோனியோ விவால்டி, 1711-ல் வெளியிட்ட பன்னிரண்டு கன்செர்ட்டோக்களின் வாயிலாக ரிட்டொர்னெல்லோ என்ற அமைப்பை ஐரோப்பா முழுவதும் பரப்பினார். முழுக் குழு வாசிக்கும் பல்லவி போன்ற ஒரு பகுதி முதலில் ஷட்ஜத்திலும், பிறகு பஞ்சமம், தைவதம் முதலிய ஆதாரங்களிலும், கடைசியில் மீண்டும் ஷட்ஜத்திலும் வரும்; இடையிடையே தனி வாத்தியக்காரரின் விஸ்தாரமான பகுதிகள் ஓர் ஆதாரத்திலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் அமைக்கும். நம் பல்லவி எப்போதும் ஒரே சுருதியில் திரும்ப, ரிட்டொர்னெல்லோ திரும்பும்போதெல்லாம் வேறிடத்திலிருந்து பேசுகிறது என்பதே இரண்டுக்கும் உள்ள முக்கிய பேதம். பாக் இவற்றுள் சிலவற்றை விசைவாத்தியத்திற்கு மாற்றியெழுதியே இவ்வமைப்பின் நுட்பத்தைக் கற்றார். 1721-ல் பிராண்டன்பர்க் பிரபுவுக்கு அவர் சமர்ப்பித்த ஆறு கன்செர்ட்டோக்கள் அக்கல்வியின் பலன். அவற்றுள் ஐந்தாவதில், அதுவரை கீழ்க்குரலுக்குத் துணைசெய்யும் பணியாளாக இருந்த ஹார்ப்ஸிகார்ட், எல்லோரையும் நிறுத்திவிட்டு நெடுநேரம் தனியே வாசிக்கும் அந்தஸ்தைப் பெறுகிறது.

கவுண்டர்பாயிண்ட் கட்சியினரின் பிரதான சாட்சி ஃப்யூக். ஒரு குரல் விஷயத்தைச் சொல்ல, இரண்டாம் குரல் அதையே ஐந்து ஸ்வரம் மேலிருந்தோ நான்கு ஸ்வரம் கீழிருந்தோ விடையாகச் சொல்ல, முதற்குரல் அதற்கு எதிர்விஷயம் பாட, இப்படி எல்லாக் குரல்களும் நுழைந்தபின் இடைப்பகுதிகளும் மறுநுழைவுகளும் மாறிமாறி நிகழும். ஒரு குரல் முடிக்குமுன் அடுத்தது முந்திக்கொண்டு நுழையும் நெருக்கமும், நீண்டு நிற்கும் கீழ் ஸ்வரத்தின்மேல் ஏனையவை சஞ்சரிப்பதும் முடிவை நெருங்குவதைக் காட்டும். இது முற்றிலும் குரல்களின் கலை என்று தோன்றினாலும், நுணுகிப் பார்த்தால் ஹார்மனியின் ஆணைக்கு இதுவும் கட்டுப்பட்டிருப்பது புலனாகும். விஷயம் ஸ-ப என்று தொடங்குமானால், விடை எழுத்துக்கு எழுத்து ப-ரி என்று இருக்க வேண்டும். ஆனால் அது ப-ஸ என்றே வருவது வழக்கம். ஆதாரத்தை விட்டு அளவுக்கு மீறி விலகிவிடாமலிருக்க, மெலடியின் உருவமே சிறிது வளைக்கப்படுகிறது. இந்த ஒரு விதி, கவுண்டர்பாயிண்ட் பரோக்கில் எந்த அதிகாரத்தின்கீழ் வாழ்ந்தது என்பதற்குப் போதிய சான்று.

இதற்கு மாறாக, ஆதாரம் மாறாமலே நீளும் உருவங்களும் உண்டு. பஸகாலியா, ஷக்கோன் ஆகியவற்றில் சில அடிகளே கொண்ட கீழ்க்குரலோ கார்டு வரிசையோ ஆவர்த்தனம் ஆவர்த்தனமாகத் திரும்ப, மேற்குரல்கள் புதிது புதிதாக மாறுகின்றன. ஹென்றி பர்ஸெலின் 'டைடோவும் ஈனியாஸும்' நாடகத்தின் முடிவில் ராணி பாடும் புலம்பலில், கீழ்க்குரல் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம்வரை அரை அரை ஸ்வரமாக இறங்கி ஐந்து அடிகளில் கேடன்ஸை முடிக்கிறது. ராணியின் வாக்கியங்களோ அந்த எல்லைகளில் நில்லாமல் அவற்றைத் தாண்டிச் செல்வதால், கட்டுப்பாடும் தவிப்பும் ஒருங்கே புலப்படுகின்றன. பாக்கின் தனி வயலினுக்குரிய ஷக்கோனும், 1741-ல் வெளியான 'கோல்ட்பெர்க்' மாறுபாடுகளும் இவ்வகையின் சிகரங்கள். பின்னதில் மாறுபாடுகளுக்கு அடிப்படையாவது மேலே கேட்கும் மெலடியன்று, முப்பத்திரண்டு அடிகள் நீளும் கீழ்க்குரலே. அகன்று திரும்பும் பிரயாணம் பரோக் உருவத்தின் ஒரே விதியன்று, கீழ்க்குரலே அதைவிட ஆழமான விதி என்பதை இவை உணர்த்துகின்றன.

சொல்லும் உருவமும்

1637-ல் வெனிஸில் கட்டணம் செலுத்துவோருக்கெல்லாம் கதவு திறந்த ஓபரா அரங்கு தோன்றிய பிறகு, கதையை விரைந்து சொல்லும் ரெஸிடடிவ் என்றும், உணர்ச்சியில் நிலைத்து நிற்கும் ஏரியா என்றும் இரண்டு பாணிகள் பிரிந்தன. அலெஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டியின் காலத்தில் நிலைபெற்ற ட கேப்போ ஏரியாவில், முதற்பகுதிக்குப் பின் வேறோர் ஆதாரத்தில் இரண்டாம் பகுதி வந்து, முதற்பகுதி பாடகரின் சொந்த அலங்காரங்களோடு மீளும். உணர்ச்சியின் தேவைக்காகத் தொடங்கிய இசைநாடகமே, ஒரு நூற்றாண்டுக்குள் ஆதாரத்தின் விலகலையும் மீட்சியையும் தன் எலும்புக்கூடாக ஏற்றுக்கொண்டுவிட்டது. கீழ்க்குரலும் ஹார்மனியுமே பொருளைச் சொல்லும் விந்தையைப் பாக்கின் மத்தேயு பாடுகள் இசையில் காணலாம். சுவிசேஷகனின் கூற்றுகளுக்குக் கன்டினுவோ மட்டும் துணையிருக்க, இயேசுவின் கூற்றுகளைத் தந்தி வாத்தியங்கள் சூழ்ந்து ஒலிக்கின்றன; கைவிடப்பட்ட கடைசிக் கதறலில் மட்டும் அத்தந்திகள் மௌனமாகிவிடுகின்றன.

பாக்கின் கன்டாட்டாக்கள் பலவற்றை நான்கு குரலில் முடித்து வைக்கும் ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் நமக்கும் முற்றிலும் அந்நியமானவை அல்ல. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஸீகன்பால்கு முதலிய லூத்தரன் பாதிரிமார் அம்மரபின் பாட்டுகளைத் தமிழில் பெயர்த்து, அதே மெட்டுகளில் சபையாரைப் பாடச் செய்தனர். நம் லூத்தரன் தேவாலயங்களில் அவை இன்றும் ஒலிக்கின்றன.

சுருதியும் சாஸ்திரமும்

இவ்வளவு ஆதார மாற்றங்களுக்கும் விசைவாத்தியங்கள் இடங்கொடுக்குமா என்பது அக்காலத்தின் கடினமான பிரச்சினை. 3:2 என்ற சுத்தமான பஞ்சம உறவைப் பன்னிரண்டு முறை அடுக்கினால் அது ஏழு ஸ்தாயிகளை அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய கால்பங்கு மிஞ்சிவிடுகிறது. முன்பு வழங்கிய சுருதி முறையில் காந்தாரங்கள் 5:4 என்ற தூய நிலையில் இனித்தாலும், சில ஆதாரங்கள் கேட்கச் சகிக்காதவையாக ஒதுக்கப்பட்டன. வெர்க்மைஸ்டர் போன்றோர், அப்பிழையைப் பல பஞ்சமங்களுக்குச் சமமின்றிப் பகிர்ந்து எல்லா ஆதாரங்களையும் பயன்படத்தக்கனவாக்கும் முறைகளை 1691-ல் விவரித்தனர். பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர் ஆதாரங்களிலும் ஒவ்வொரு முன்னிசையும் ஃப்யூக்கும் அமைத்துப் பாக் 1722-ல் தொகுத்த நூல், நன்கு சுருதி கூட்டப்பட்ட வாத்தியத்தையே கோருகிறது. அது இன்றைய பியானோவின் சமபங்கீட்டு முறைதான் என்று கொள்ளப் போதிய ஆதாரம் இல்லை.

அதே 1722-ல் பாரிஸில் ழான்-பிலிப் ராமோவின் ஹார்மனி சாஸ்திரம் வெளிவந்தது. ஸ-க-ப, க-ப-ஸ, ப-ஸ-க என்ற மூன்றும் ஒரே கார்டின் மூன்று நிலைகளே என்றும், கேட்கும் கீழ்க்குரலுக்கு அப்பால் கார்டுகளின் மூலஸ்வரங்களாலான அடிப்படைக் கீழ்க்குரல் ஒன்று உண்டென்றும் அவர் நிறுவினார். மூன்றாண்டுகள் கழித்து வியன்னாவில் ஃபுக்ஸ், கார்டைப் பற்றிக் கவலைப்படாமல், குருசிஷ்ய சம்பாஷணையாகக் கவுண்டர்பாயிண்டை ஐந்து படிகளில் கற்பிக்கும் நூலை லத்தீனில் வெளியிட்டார். பாக்கின் புதல்வர் கார்ல் பிலிப் இமானுவேல், தம் கொள்கையும் தம் தந்தையின் கொள்கையும் ராமோவுக்கு மாறானவை என்று எழுதியிருக்கிறார். ஆயினும் இச்சாஸ்திரங்கள் எவையும் புதிய சங்கீதத்தைப் படைக்கவில்லை. கொரெல்லியின் விரல்கள் செய்து முடித்ததற்கே ராமோ காரணம் கூறினார். லக்ஷியம் முந்தியது, லக்ஷணம் பிந்தியது என்ற நம்மவர் கொள்கை இங்கும் மெய்யாகிறது.

முடிவு

மூன்று கட்சிகளையும் இப்போது மீண்டும் நோக்கினால், உணர்ச்சி, நடனம், கவுண்டர்பாயிண்ட் ஆகிய ஒவ்வொன்றும் தன்னளவில் உருவத்திற்குத் தூண்டுதல் தந்தது என்பதையும், அவற்றுள் எதுவும் ஹார்மனியின் கதியோடு இணையும்வரை சொல்லற்ற சங்கீதத்தை நெடுந்தூரம் நடத்த இயலவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மான்டெவெர்டியின் ஆரம்பகாலப் படைப்புகளுக்கு இம்முடிவு முழுவதும் பொருந்தாது. அங்கே சொல்லே எஜமானன். இடைப்பகுதியிலிருந்து வலுப்பெற்று, கொரெல்லிக்குப் பிறகே இது சந்தேகத்திற்கிடமில்லாத உண்மையாகிறது. 1750-ஐ ஒட்டி எளிய மெலடியில் ருசி திரும்பி, கன்டினுவோ வழக்கொழியத் தொடங்கியபோது, பரோக் உருவங்கள் பல மங்கின. ஆனால் பஞ்சமத்திற்குச் சென்று ஷட்ஜத்திற்கு மீளும் நடனத்தின் ஈரங்க அமைப்பு, ஹைடனும் மோட்ஸார்ட்டும் கையாண்ட ஸொனாட்டா உருவமாக விரிந்து, வாழ்வை நீட்டித்துக்கொண்டது. ஆகையால் இச்சங்கீதத்தை அறிய விரும்பும் நம் ரசிகர், உருவங்களின் பெயர்களை மனனம் செய்வதையோ மேலே மின்னும் மெலடியை மட்டும் பின்தொடர்வதையோ விட, செல்லோவும் ஹார்ப்ஸிகார்ட்டின் இடது கையும் நடத்தும் கீழ்க்குரலைச் செவிகொடுத்துத் தொடர்வதே விவேகம்; ஏனைய இலக்கணங்கள் அதிலிருந்து தாமாகவே விளங்கத் தொடங்கும்.